மச்சானைப் பிடிக்க ஒரு சைக்கிள்

பெட்ரோலுக்கு வரிசையில் நின்று நாடே நொந்துபோன காலத்தில்தான் அந்தச் சைக்கிளை வாங்கினேன். தடித்த டயர், வளைந்த ஹேண்டில், போதாக்குறைக்குக் கியர் வேறு. பதுளையில் ஓர் அலுவலகத்தில் நாற்காலி தேய்க்கிற ஐம்பது வயது ஆளுக்கு இதெல்லாம் தேவையா என்று வீட்டுக்காரி கேட்டாள். சீனி வியாதிக்கு நல்லதென்று டாக்டர் சொன்னார் என்றேன். டாக்டர் நடக்கத்தான் சொன்னார். சைக்கிள் ஓட்டுவதும் உட்கார்ந்துகொண்டே நடப்பதுதானே.

டவுனுக்குள் அதை ஓட்டமுடியாது. ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும் தனியார் பஸ்கள், சைக்கிள்காரனை மனுஷக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏறி, தோட்டத்துக் கல் ரோட்டுக்குள் புகுந்துவிடுவேன். அங்கே லொறியும் இல்லை, ஹார்னும் இல்லை. டயருக்கடியில் பொடிக்கல் நறநறவென்று அரைபடும் சத்தம் மட்டும்தான். ஃபேக்டரிக்குத் தண்ணீர் கொண்டுபோக எந்தக் காலத்திலோ வெட்டிய வாய்க்கால் ஒன்று, மலையின் இடுப்பைச் சுற்றிப் போகிறது. அதன் கரை ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் தண்ணீர், தலைக்கு மேல் டர்பன்டைன் மரங்கள். அதில் போகும்போது என் அலுவலகத்தையும் அதன் பெரியவரையும் அடியோடு மறந்துவிடுவேன். எதிரே வருகிற பெண்கள்தான் விடமாட்டார்கள். என்னுடைய இறுக்கமான அரைக்கால் சட்டையைப் பார்த்து, "துவைச்சதுல சுருங்கிப்போச்சுங்களா சார்?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள்.

அன்றைக்கு நான் போனது காற்று வாங்க இல்லை. மச்சானைப் பிடிக்க.

மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். தாய்மாமன் நிற்காத கல்யாணத்தை எங்கள் ஆட்கள் கல்யாணம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தத் தாய்மாமன், அதாவது என் வீட்டுக்காரியின் அண்ணன், அவளோடு பேசி வருஷக்கணக்காகிறது. தோட்டத்து வரிசைவீட்டு அறையான லயத்துக் காம்பராவை விட்டுவிட்டுத் தன் கையாலேயே கல் அடுக்கி அவர் புதுவீடு கட்டினார். பால் காய்ச்சின அன்றைக்கு இவள், "அடுப்பங்கரை தப்பான பக்கம் வந்துருச்சேண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். "இனிமே என் வாசலை மிதிக்காத" என்றார் அவர். "மிதிச்சா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல" என்றாள் இவள். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்ததுகள், வேறெப்படிப் பேசும்?

ஆனால் கல்யாணத் தேதி நெருங்க நெருங்க இவள் உடைந்துபோனாள். "எங்கண்ணன் வந்து நிக்காட்டி நான் மணவறைப் பக்கமே வரமாட்டேன். நீங்களே உங்க பொண்ணக் கட்டிக் குடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்து அழுவாள்.

வெற்றிலைத் தட்டோடு இரண்டு தடவை த்ரீவீலரில் போய்ப் பார்த்தேன். அவர் வீடு வாய்க்காலுக்கும் மேலே. அந்த மலையில் கீழ் வளைவில் எஞ்சின் முக்கும்போதே மேலே லயம் வரைக்கும் கேட்டுவிடும். நான் போய்ச் சேரும்போது மச்சானின் தேத்தண்ணி சூடாக இருக்கும், மச்சான் இருக்கமாட்டார். பின்கதவு வழியாகத் தேயிலைக்குள் இறங்கியிருப்பார். போன் அடிக்கலாமென்றால் தோட்டத்தின் அந்த டிவிஷனில் சிக்னல் கிடையாது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. சைக்கிளுக்குச் சத்தமில்லையே.

வாய்க்கால் கரை வரைக்கும் ராஜா மாதிரிப் போனேன். அதற்கப்புறம் ஏற்றம். கியரைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன், குறைக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது மூச்சு குறைய ஆரம்பித்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் மேலேயிருந்து யாராவது பார்த்து மச்சானுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று வீம்பாக மிதித்தேன். அந்த ஸீட் வேறு. அதைச் செய்தவன் என் உட்காரும் இடத்தின் மேல் ஏதோ பழைய கோபம் உள்ளவனாக இருக்கவேண்டும்.

மச்சான் வாசற்படியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டார். முகத்தைத் திருப்பினார், ஓடவில்லை. நான் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு முற்றத்தில் நின்றேன். மச்சானின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தால் வாந்தி வந்துவிடும் போலிருந்தது. கையால் வேண்டாமென்றேன். "உக்காருங்க தம்பி" என்று முக்காலியை எடுத்துப் போட்டார். உட்காருவதாவது. தலையை ஆட்டிவிட்டு, குனிந்தபடி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன்.

எங்கள் தோட்டங்களில் கேதம் சொல்ல வருகிறவன் வீட்டுக்குள் வரமாட்டான், உட்காரமாட்டான், பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். வாசலில் தலைகுனிந்து நின்று, இன்னார் போய்விட்டார் என்று சொல்லிவிட்டுத் திரும்புவான். ஊரெல்லாம் போன் வந்த பிறகும், நெருங்கிய சொந்தத்துக்கு ஆள் நேரில் போய்த்தான் சொல்லவேண்டும். இது எனக்குத் தெரியாதா? நான் பிறந்ததே லயத்தில். ஆனால் அந்த நேரத்தில் என் புத்தி முழுவதும் ஸீட் பட்ட இடத்தில் இருந்தது.

மச்சான் எழுந்து நின்றார். பேப்பர் கீழே விழுந்தது. "தங்கச்சியா?" என்றார்.

தங்கச்சியா அனுப்பினாள் என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்துத் தலையை ஆட்டினேன்.

அவ்வளவுதான். "தாயி, ஒரு வார்த்த பேசாமலே போயிட்டியே தாயி. ஒரு சொல்லு சொல்லியிருந்தா அந்த அடுப்பங்கரைய இடிச்சு மாத்தியிருப்பேனே தாயி" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அக்கா தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஒப்பாரியை எடுத்தார். பக்கத்து வாசல்களிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் செருப்புகூடப் போடாமல் என் சைக்கிளில் ஏறிவிட்டார். ஹேண்டில் பையில் என் போனும் கூடவே போயிற்று.

மூச்சு திரும்பியதும், "அவ உசுரோட இருக்கா, நல்லா இருக்கா" என்று கத்தினேன். "பாவம், அதிர்ச்சியில பெனாத்துறாரு" என்றார் ஒருவர். நான்கு பேர் சேர்ந்து என்னை அமுக்கி முக்காலியில் உட்காரவைத்தார்கள். வலியில் நான் அலறியதைப் பார்த்து, "அழட்டும், அழுதாத்தான் ஆறும்" என்றார்கள். கடைசியில் வேன் பிடித்து, அக்காவோடு ஏழெட்டுப் பெண்கள் ஏறி, வழிநெடுக என் மனைவியின் குணநலன்களைப் பாடிக்கொண்டு வந்தார்கள். அவளுக்கு இவ்வளவு நல்ல குணம் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டு வாசலில் கூட்டம். உள்ளே என் மனைவி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். பக்கத்தில் மச்சான், முழங்காலில் ரத்தம், சட்டை முழுக்கச் சேறு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வார்த்தை வராமல் விம்முகிறார். விஷயம் இதுதான். பேசாத அண்ணன் வெறுங்காலோடு, என் சைக்கிளோடு, மூச்சு முட்ட வாசலில் வந்து நின்று, இவளைக் கண்டதும் ஓவென்று அழுதிருக்கிறார். நான் மலையிலிருந்து உருண்டுவிட்டேன் என்று இவள் முடிவு செய்துவிட்டாள்.

என்னைக் கண்டதும் அழுகை நின்றது. எழுந்து வந்து என் தோளில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். "எனக்காகவா அழுத?" என்று கேட்டேன். "சைக்கிள் வேணாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கேட்டீங்களான்னு அழுதேன்" என்றாள். வேனில் வந்த பெண்கள், வந்த வேலையை விடமுடியாமல் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத் தேத்தண்ணி குடித்தார்கள்.

மச்சான் என்னைத் திட்டித் தீர்த்தார். கூறுகெட்டவன் என்றார், அரைக்கால் சட்டைக்காரன் என்றார். நான் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். திட்டு ஓய்ந்ததும் தங்கச்சியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "தாய்மாமனுக்குத் தட்டுல வெத்தல வைக்காம எந்த ஊருல கல்யாணம் சொல்றாங்க?" அவள் ஓடிப்போய்த் தட்டை எடுத்துவந்தாள். வந்த வேகத்தில் பாக்கெல்லாம் தரையில் உருண்டது. அண்ணனும் தங்கச்சியும் குனிந்து பொறுக்கினார்கள்.

எல்லோரும் போன பிறகு நான் குப்புறப் படுத்துக்கிடந்தேன். அவள் தைலம் கொண்டுவந்து என் முதுகில் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணன் எனக்கு என்ன சொல்லி அழுதுச்சு?"

சொன்னேன். தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"தாயின்னா சொன்னுச்சு?"

"ஆமா. தாயி, தாயின்னுதான்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.