ஓர் அறைக்கு ஒரு வயர்

எந்தத் தளத்துக்குப் போனாலும் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'கயிறு சார்' என்பார்கள். கிரேன்களின் இரும்புக் கயிற்றைச் சாண் சாணாகத் தடவிப் பார்த்து, எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று எண்ணி, இது இன்னும் ஓடலாம், இது ஓடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்திடுவது அவர் வேலை. வயது நாற்பத்தேழு. இந்த வேலைக்கு வந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் மாதத்துக்குப் பத்து நாள்கூட அவர் சொந்தக் கட்டிலில் படுத்ததில்லை. பெண் பார்க்கப் போன மூன்று இடங்களிலும், மாப்பிள்ளை எந்த ஊரில் இருப்பார் என்ற கேள்விக்கு அவருடைய அக்காவால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. நான்காவது இடத்துக்கு அவரே வர மறுத்துவிட்டார்.

வீட்டில் அப்பாவும் அக்காவும் மட்டும். அக்கா பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். கணவர் இறந்த பிறகு அப்பாவோடு வந்து தங்கியவர். அப்பா ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மகன் எங்கே இருந்தாலும் பகல் ஒரு மணிக்குக் கைபேசியில் கூப்பிடுவார். எந்த இடம், எத்தனை மணி நேரப் பயணம், வண்டி ஓட்டியவன் ஒழுங்காக ஓட்டினானா என்று மூன்றே கேள்விகள். மூன்றாவதற்கு மகன் என்ன பதில் சொன்னாலும், "இப்ப எவனுக்குடா கிளட்ச் மிதிக்கத் தெரியுது" என்று சொல்லி வைத்துவிடுவார்.

சென்ற ஆண்டு அந்தக் குரல் கரகரக்கத் தொடங்கியது. சளி என்று நான்கு மாதம் கஷாயத்தில் போயிற்று. பிறகுதான் குரல்வளையில் புற்று என்று தெரிந்தது. மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் அது மசியவில்லை. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், உயிர் நிற்கும், பேச்சு போய்விடும் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். மாதக் கடைசியில் தேதி குறித்தார்கள். அதற்குள் திரும்பிவிடலாம் என்ற கணக்கில்தான் மகன், கட்டுமானத்தில் இருந்த ஒரு சிறு துறைமுகத்துக்கு ஒரு வார வேலையாகக் கிளம்பினார். அங்கே போக வாரம் ஒரு சரக்குப் படகு. திரும்பவும் அதே படகுதான்.

அங்கே கைபேசிக் கோபுரம் கிடையாது. சிம் கார்டு வெறும் தகடாகக் கிடந்தது. வெளியுலகத் தொடர்பெல்லாம் விருந்தினர் விடுதியின் கூரையில் இருந்த டிஷ் வழியாகத்தான். அதிலிருந்து அறைக்கு ஓர் இணைய வயர் வரும். பதிவேட்டில் எழுதிய ஒரே ஒரு கருவிக்கு மட்டும் அது வேலை செய்யும். அவர் அலுவலக லேப்டாப்பை எழுதிக் கொடுத்தார். கைபேசிக்கும் வேண்டும் என்று கேட்டபோது விடுதிக் காப்பாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஒரு ரூமுக்கு ஒரு வயர் சார். ரெண்டாவது வேணும்னா ரெண்டாவது ரூம் போடுங்க. அப்புறம் எந்த ரூம்ல தூங்கறதுன்னு உங்களுக்கே குழப்பமாயிடும்."

லேப்டாப்பில் அலுவலகம் அனுமதித்த செயலிகள் மட்டுமே ஓடும். வீட்டோடு பேசுவதற்கு அதில் வழியில்லை. பேசும் செயலி கைபேசியில் இருந்தது, கைபேசிக்கு இணையம் இல்லை. அவர் லேப்டாப்பின் அமைப்புகளை வரிசையாகத் திறந்து பார்த்தார். வயரில் வரும் இணையத்தை லேப்டாப்பே வாங்கி, சுற்றியுள்ள கருவிகளுக்குக் காற்றில் பகிரும் ஹாட்ஸ்பாட் வசதி அதில் இருந்தது. திரையிலிருந்த அதன் சொடுக்கியை, அந்தச் சிறு சுவிட்சை, நகர்த்தி, கடவுச்சொல்லாக அப்பா ஓட்டிய பேருந்தின் எண்ணைக் கொடுத்தார். கைபேசி அதைப் பிடித்துக்கொண்டது. அன்று பகல் ஒரு மணிக்கு அப்பா கூப்பிட்டார். படகு ஓட்டுபவனுக்குக் கிளட்ச் உண்டா என்று கரகரத்த குரலில் விசாரித்தார்.

அவருடைய அறை முதல் மாடியில், கிரேன் முற்றத்தைப் பார்த்தபடி இருந்தது. அலைவரிசை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று கைபேசியை ஏந்தியபடி நடந்து அளந்தார். சுவரிலிருந்து முப்பத்துநான்கு அடி. அந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழித்தார். முடிந்த வேலைகளையெல்லாம் கோட்டுக்கு உள்ளே நின்றே செய்தார். தாண்டிப் போக வேண்டியிருந்தால் கைபேசியைக் கோட்டுக்குள்ளேயே வைத்துவிட்டுப் போனார். சுமை கட்டும் தொழிலாளிகளுக்கு அது நல்ல வேடிக்கை.

"கோட்டத் தாண்டினா சாருக்கு ஷாக் அடிக்கும்டா" என்று ஒருவன் சொல்ல, "அவருக்கு அடிக்காது, அவங்க வீட்ல அடிக்கும்" என்று இன்னொருவன் திருத்தினான்.

மூன்றாம் நாள் அக்கா கூப்பிட்டார். அறுவைக்கூடத்தில் இடம் காலியானதால், மாதக் கடைசி என்றதை மருத்துவமனை இந்த வியாழக்கிழமைக்கு, பகல் மூன்று மணிக்கு, முன்னே இழுத்துவிட்டது. ஒத்திப்போட வேண்டாம் என்பது மருத்துவரின் கருத்து. படகோ சனிக்கிழமை. மகன் தடுமாறியபோது அப்பா கைபேசியை வாங்கிக்கொண்டார்.

"நீ வந்து என் தொண்டையப் புடிச்சுக்கிட்டு நிக்கவா போற? உன் வேலையப் பாரு. வியாழக்கிழமை ஒரு மணிக்கு நான் கூப்பிடுவேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இப்பவே சொல்லுங்கப்பா."

"இப்ப இல்ல. பேசாம இருங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார். குரலச் சேத்து வச்சுக்கிறேன். அன்னிக்கு நிதானமாச் சொல்றேன்."

புதன்கிழமை முழுதும் அப்பா பேசவே இல்லை என்று அக்கா தெரிவித்தார். தண்ணீர் வேண்டும் என்றால்கூடச் சைகைதானாம். பேருந்தில் நடத்துநரிடம் காட்டுகிற அதே சைகைகள், என்னை என்னவென்று நினைத்திருக்கிறாரோ என்றார்.

வியாழக்கிழமை காலை அவர் லேப்டாப்பை ஆய்வுக்குரிய இயந்திரம் போலவே சோதித்தார். வயர் இறுக்கமாக இருந்தது. மின் இணைப்பு சரி. திரை அணைந்தாலும் கருவி உறங்காதபடி மாற்றியிருந்தார். மூடியை யாரும் சாத்திவிடக் கூடாது என்று 'தொடாதீர்கள்' என எழுதி ஒட்டினார். எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக 'சரி' குறித்தார். அமைப்புகள் பக்கத்தைக் கடைசிவரை கீழே இழுத்துப் பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அங்கே இன்னொரு சொடுக்கி இருந்தது. சில நிமிடங்கள் எந்தக் கருவியும் சேராமல் இருந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்த ஹாட்ஸ்பாட் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும் என்பது அதன் ஏற்பாடு. கொக்கி எல்லை மீறி ஏறினால் தானாக நிறுத்தும் விசை இல்லாத ஒரு கிரேனையும் அவர் இதுவரை தேறவிட்டதில்லை. தானாக நிற்கும் எதையும் பாதுகாப்பு என்றே பார்த்துப் பழகிய கண் அவருடையது.

பத்தே முக்காலுக்கு இரண்டாம் கிரேனின் ஓட்டுநர் கத்தினார். கயிறு கப்பியிலிருந்து நழுவிவிட்டது. நான்கு டன் கான்கிரீட் வளையம் ஒன்று தலைக்கு மேலே தொங்கியது. ஆட்களை விலகச் சொல்லிவிட்டு, அவர் கோட்டைத் தாண்டி ஓடி, ஏணியில் ஏறினார். சட்டைப் பையில் கைபேசியும் கூடவே போயிற்று. வளையம் பத்திரமாகத் தரையைத் தொட்டபோது பதினொன்று அடிக்க நான்கு நிமிடம். இறங்கி வந்து கோட்டுக்கு உள்ளே நின்றுகொண்டார். கையெல்லாம் கிரீஸ். பைக்குள் கைபேசி பாரமாக இருந்தது, அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. நழுவிய கயிற்றை மடித்துப் போடச் சொல்லி, அங்கேயே உட்கார்ந்து இழை எண்ணத் தொடங்கினார்.

ஒரு மணி ஆயிற்று. கைபேசி ஒலிக்கவில்லை. ஒன்று ஐந்துக்குக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தார். இணைப்பு இல்லை. படிகளில் அவர் ஏறிய வேகத்தைப் பார்த்துக் காப்பாளர் எழுந்து நின்றுவிட்டார். மேசைமேல் லேப்டாப் திறந்தபடிதான் இருந்தது, வயர் இறுக்கமாகத்தான் இருந்தது, ஒட்டிய தாளும் அப்படியே இருந்தது. ஹாட்ஸ்பாட் மட்டும் அணைந்திருந்தது.

சொடுக்கியை நகர்த்தினார். கைபேசி தொடர்ந்து அதிர்ந்தது. அக்காவிடமிருந்து தவறிய அழைப்புகள் ஒன்பது. முதலாவது பதினொன்று ஏழுக்கு, கடைசி பதினொன்று இருபத்தெட்டுக்கு. இடையிடையே செய்திகள்.

'முன்னாடியே கூட்டிட்டுப் போறாங்க. எடு.'

'எங்கடா இருக்க?'

'அப்பா ஃபோனையே பாத்துட்டு உக்காந்திருக்கார்.'

'பதிவு பண்ணி அனுப்பலாம்னேன். வேணாம், அவன் எடுப்பான்றார்.'

'ஸ்ட்ரெச்சர் வந்துடுச்சு.'

கடைசிச் செய்தி பதினொன்று முப்பத்தொன்றுக்கு. 'போயிட்டார்' என்ற ஒரு சொல். அது எந்தப் பொருளில் எழுதப்பட்டது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் அதை மூன்று முறை படித்துவிட்டுத்தான் அக்காவின் எண்ணை அழுத்தினார்.

அவர் கூப்பிட்டபோது அக்கா உடனே எடுத்தார். கோபப்படவில்லை. அறுவை நடந்துகொண்டிருக்கிறது என்றார். அப்பா ஏதாவது சொன்னாரா என்று கேட்டார் அவர்.

"என்கிட்ட என்ன சொல்வார்? ஒவ்வொரு தடவை ரிங் போறப்பவும் தொண்டையச் செருமி ரெடியானார். ஒன்பது தடவையும் செருமினார். அதுலயே பாதிக் குரல் தீந்துபோச்சு."

"அக்கா, நான் கோட்டுக்குள்ளதான் நின்னேன்."

அக்காவுக்கு அந்தக் கோட்டைப் பற்றி எதுவும் தெரியாது. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு, மருத்துவர் வருகிறார் என்று வைத்துவிட்டார்.

அறுவை நன்றாக முடிந்தது. மறுநாள் பகல் ஒரு மணிக்கு அக்கா காணொளியில் வந்தார். மகன் அமைப்புகள் பக்கத்தைக் கடைசிவரை தேடி அந்தக் கீழ்ச் சொடுக்கியைக் கண்டுபிடித்து அணைத்துவிட்டு, அன்றைக்கு விடுப்புச் சொல்லி, லேப்டாப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கைபேசித் திரையில் அப்பா தெரிந்தார். கழுத்தைச் சுற்றிக் கட்டு, நடுவே ஒரு குழாய். முகத்தில் வலியைவிட அலுப்பே அதிகம் தெரிந்தது. மகன் பேசினார். கயிறு நழுவியதையும், தான் ஏறியதையும், ஹாட்ஸ்பாட் தானாக அணைந்ததையும் நேரம் பிசகாமல் விளக்கினார். விபத்து விசாரணையில் வாக்குமூலம் தருவது போல இருந்தது. அப்பா இரண்டு முறை தலையசைத்தார். ஓட்டுநர்தானே, இயந்திரம் காலை வாரும் என்பது அவருக்குப் புதிதல்ல.

"மன்னிச்சுக்கங்கப்பா. என்ன சொல்லணும்னு நெனச்சீங்க? எழுதிக் காட்டுங்க. அக்கா படிக்கட்டும்."

அக்கா ஒரு நோட்டையும் பேனாவையும் கொடுத்தார். அப்பா பேனாவை வெகுநேரம் விரல்களில் உருட்டினார். பிறகு எழுதினார். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அக்காவிடம் நீட்டினார். அக்கா வாய்விட்டுப் படித்தார்.

"அது பேசற விஷயம். எழுதற விஷயம் இல்ல."

மகன் திரையை நெருங்கி, இன்னொரு முறை கேட்டார். அப்பா பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தார். வேண்டாம் என்பதற்கு அவர் கையசைத்தது, நிறுத்தமில்லாத இடத்தில் கைகாட்டும் பயணியைத் தாண்டிப் போகிற ஓட்டுநரின் அசைவு. கோபமில்லாதது, ஆனால் வண்டி நிற்காது.

யாரும் அழைப்பைத் துண்டிக்கவில்லை. அக்கா தன் கைபேசியை அப்பாவின் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு மருந்து வாங்கப் போனார். கழுத்துக் குழாயின் வழியாக மூச்சு போய் வரும் சத்தம் மட்டும் கேட்டது. இங்கே மகன் தன் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.