மாமா ஓதிய வழுக்கல் மந்திரம்

எங்கள் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, சூனியம் வைக்கத் தெரியும் என்பதைத் திண்டிவனத்திலேயே முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். துப்பறிய அந்தப் படிப்பு போதும்.

மாமா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். விடுப்பில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், காலையில் பல் துலக்கியதும் ஒரு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு முணுமுணுப்பார். கப்பலில் பாதிப் பேர் போலந்துக்காரர்கள், அவர்கள் பாஷையைத்தான் படிக்கிறார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அப்புறம் துப்பறிவதற்கு என்ன இருக்கிறது?

அவர் குளிக்கப் போன சமயம் நோட்டைப் பார்த்தேன். ஒருபக்கம் ஆங்கிலம், நடுவில் தமிழ், அந்தப் பக்கம் தமிழ் எழுத்தில் எந்த ஊருக்கும் சேராத ஏதோ ஒன்று. ஸ்லிப், கால் வழுக்குவது, போஷ்லிஸ்க்னோன்ச். ஸ்லைடு, சறுக்குவது, ஷ்லிஸ்காச். கிளைடு, சத்தமில்லாமல் நழுவிப் போவது, சுனோன்ச்.

செவ்வாய்க்கிழமை மாமா முதல் வார்த்தையை ஓதினார். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். புதன்கிழமை இரண்டாவது. பரணிலிருந்த மல்லாட்டை மூட்டை சறுக்கி, வேர்க்கடலை சிதற, அம்மாவின் காலருகே விழுந்தது. வியாழக்கிழமை மூன்றாவதை ஓதும்போதே, பாலைக் குடித்துவிட்டுப் பூனை சத்தமில்லாமல் நழுவிப் போனது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

நான்காவது வார்த்தை ஸ்கிட். வண்டி சறுக்கிக்கொண்டு போவது, போஷ்லிஸ்க். அப்பாவை விழவைத்த வார்த்தையின் பங்காளி போலவே இருந்தது. அப்பாவோ தினமும் ஸ்கூட்டரில் விழுப்புரம் போய் வருகிறவர். வெள்ளிக்கிழமை காலையிலேயே தூறல். அன்று மாமா ஓதப்போவது இதைத்தான்.

அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். காய்ந்த மிளகாயும் கல்லுப்பும் வைத்து மடித்து, ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்த அப்பாவை மூன்று சுற்று ஓடிச் சுற்றினேன்.

“இன்னாடா, ஸ்கூட்டருக்குப் பொறந்தநாளா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பொட்டலத்தை அடுப்பில் போட்டேன். நெடி வராவிட்டால்தான் கெட்டது இருந்தது என்று அர்த்தம். எங்கள் வீட்டிலோ எல்லாரும் கண்ணில் நீர் வழிய இருமினார்கள். சரிதான், மிளகாயையும் மாமா கைக்குள் போட்டுக்கொண்டார் என்று நினைத்தேன். பள்ளி விடுமுறைதானே, அன்று பகல் முழுக்க ஒவ்வொரு ஸ்கூட்டர் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடினேன்.

சாயங்காலம் அப்பா முழுசாக வந்து இறங்கினார். காப்பாற்றியவன் என்ற கர்வத்தோடு உள்ளே போனால், மாமா நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, ஒரு பக்கத்தக் காணோமே.”

“வழுக்கறது, சறுக்கறது… இதையெல்லாம் எதுக்குடா உக்காந்து படிச்சிக்கினு இருக்கே? சோறு தண்ணி கேக்கக் கத்துக்கோயேன்.”

“சோத்த இங்கிலீஷ்லயே கேட்டுக்கலாம்க்கா. கப்பல் தளம் ஈரமா இருக்கும். வழுக்கறப்ப மட்டும் அவனவன் பாஷையிலதான் கத்துறான், பக்கத்துல இருக்கறவனுக்குப் புரியணுமில்ல.”

“யாருடா கத்துனது?”

மாமா புதுப் பக்கத்தில், எதையும் பார்க்காமலே, முதல் வார்த்தையை எழுதிக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டவன்தான் இப்படித் தலை நிமிராமல் இருப்பான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.