கரி தட்டிப் பார்க்கும் உச்சிமாகாளி

இரண்டு கரித்துண்டுகளைக் காதோரம் தூக்கி, ஒன்றோடொன்று தட்டுகிறார் உச்சிமாகாளி. கிண்ணென்று ஒலித்தால் காய்ந்த கரி, சாக்கில் விழும்; மொத்தென்றால் ஈரம், சாக்கடையில். ஒவ்வொரு துண்டுக்கும் இந்தச் சோதனை உண்டு. தென்காசியில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பெண் பார்க்கப் போகிறவன்கூட இப்படித் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில்லை.

பெட்ரோலையெல்லாம் யுத்தம் குடித்துவிட்டதால் பஸ்கள் கரி தின்கின்றன. வண்டியின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதில் கரியைக் கொட்டி, தீ மூட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்றடித்தால் ஒருவழியாக வண்டிக்கு உயிர் வரும். ஓட்டுவது கிதிர் முகம்மது. உயிர் கொடுப்பது உச்சிமாகாளி. உருளைக்கு அவர் இட்டிருந்த பெயர் ‘மூத்தவ’. வீட்டிலிருக்கும் குருவம்மாள் இளையவளாம். “இளையவ ஒரு நேரம் கஞ்சி இல்லாட்டாலும் பொறுத்துக்கிடுவா. இவ பொறுக்கமாட்டா பாத்துக்கிடுங்க” என்று பிரயாணிகளிடம் சொல்வார். அவர் தோளில் வந்து உட்கார்ந்த கொக்கு காக்கையாக எழுந்து பறந்தது என்று ஊரில் பேச்சு. கண்ணால் கண்ட சாட்சிகளும் இருக்கிறார்கள்.

இந்த வேடிக்கையெல்லாம் போன ஐப்பசி வரைக்கும்தான். அப்போது அவர் கரியைத் தட்டிப் பார்த்ததுமில்லை.

போன ஐப்பசி மழையை என்னவென்று சொல்ல! குற்றாலத்து அருவி மலையை விட்டிறங்கி தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுர வாசலில் வந்து நின்றது என்றால் நம்பமாட்டீர்கள். பண்பொழி ஊர் எருமை ஒன்று அசைபோட்டபடியே மிதந்து வந்து தென்காசிச் சந்தையில் கரையேறியதையாவது நம்பத்தான் வேண்டும். தந்திக் கம்பங்கள் சாய்ந்தன. செங்கோட்டை மலைப்பாதையில் மண் சரிந்து ரயில் நின்றது. வண்டி மாடுகள் தொழுவத்தை விட்டுக் கால் எடுத்து வைக்கவில்லை. பஸ் கொட்டகையிலிருந்த கரி நனைந்து கூழாயிற்று. நல்லவேளை, ஒரே ஒரு சாக்குக் காய்ந்த கரியை உச்சிமாகாளி தம் வீட்டுப் பரணில் ஏற்றி வைத்திருந்தார்.

தெருவில் விறகெல்லாம் ஊறி, அடுப்புகள் செத்துக் கிடந்தன. பக்கத்து வீட்டு முத்துவடிவு தேங்காய்ச் சிரட்டையோடு வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, பிள்ளைக்குப் பாலு காச்சணும். ரெண்டே ரெண்டு துண்டு தாங்க.”

நெருப்புக்கென்று வந்தவளை வெறுங்கையாக அனுப்பினால் அனுப்பியவன் வீட்டு அடுப்பு அவிந்துபோகும் என்பது அந்தத் தெருவின் சட்டம். கொடுத்தார். அவளைப் பார்த்து அடுத்த வீடு வந்தது. அதைப் பார்த்து எதிர் வீடு.

“எல்லாத்தையும் வாரிக் குடுக்கியளே, வண்டிக்கு வேண்டாமா?” என்றாள் குருவம்மாள்.

“வண்டிதான் படுத்துக் கெடக்கே. கரிய வச்சு என்ன, ஒனக்குப் பொட்டு வைக்கவா?”

மழை சற்று விட்டபோது சாக்கு மடிந்து பரணில் படுத்துவிட்டது. அன்று காலையில்தான் அச்சன்புதூரிலிருந்து மகளைக் கட்டிய மருமகன் பால்வண்ணநாதன் இடுப்பளவு சேற்றோடு வந்து விழுந்தான்.

“மாமா, செண்பகத்துக்கு நேத்தே வலி கண்டுட்டு. பிள்ளை குறுக்க கெடக்காம். மருத்துவச்சி கைய விரிச்சுட்டா.”

ஆஸ்பத்திரி நர்ஸ் ரெபேக்காள் கூப்பிட்டதும் மறுபேச்சில்லாமல் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். கிதிர் முகம்மது கட்டிய கைலியோடு ஓடிவந்தார். “ரோட்டுல முழங்கால் தண்ணிதான் மாமா. போயிரலாம். நீங்க கரியப் போடுங்க.”

உச்சிமாகாளி கொட்டகைக் கரியைப் போட்டார். சுற்றினார். வெள்ளைப் புகை வந்தது. தோள்பட்டை இற்றுவிழச் சுற்றினார். அப்போதும் புகைதான். செய்தி கேட்டுத் தெருவே சிரட்டைகளோடு ஓடிவந்தது. எரிந்தது போக மிச்சம், சாம்பல் பூத்த பொடிக் கரி, யார் வீட்டிலோ பிடுங்கிய கதவுப்பலகை. எல்லாம் சேர்ந்தும் மூத்தவளின் அடிவயிறுகூட நிரம்பவில்லை. முத்துவடிவு கொண்டுவந்தது ஒரே ஒரு துண்டு.

“நடந்துருவோம் அண்ணாச்சி” என்று ரெபேக்காள் இறங்கினாள்.

நடந்தார்கள். அச்சன்புதூர் எல்லையை மிதிக்கும்போதே செண்பகத்தின் வீட்டிலிருந்து சாவுச் சங்குச் சத்தம் கேட்டது. ரெபேக்காள் குடையை மடக்கி, மழையில் நின்றாள்.

உச்சிமாகாளியை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பார். “நீங்க என்ன மாமா செய்வீங்க?” என்று கிதிர் முகம்மது கேட்டதற்கு, “குடுத்தேன்லா” என்றார். அதற்குமேல் இன்றுவரை பேச்சில்லை. உருளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுமில்லை. தட்டுகிறார், கேட்கிறார், போடுகிறார்.

இதோ மறுபடியும் ஐப்பசி. நேற்றுக் காலை முத்துவடிவின் அடுப்பு அவிந்துவிட்டது. சிரட்டையைக் கையில் எடுத்துவிட்டாளே தவிர, தன் வீட்டு வாசலை விட்டு இறங்கவில்லை. கேட்கவுமில்லை. உச்சிமாகாளி பார்த்தார். பரணில் ஏறி, காதோரம் தட்டி இரண்டு துண்டு எடுத்து, தோள்துண்டுக்குள் பொதிந்துகொண்டு மழையில் இறங்கிப் போனார். அவள் சிரட்டையில் போட்டார். போட்ட கையை எடுக்கவில்லை. கூரைத் தண்ணீர் புறங்கையில் விழுந்து வழிய, கரியை மூடியபடி அந்தக் கை சிரட்டையின் மேலேயே கவிந்து நின்றது.