காயாத பெயிண்டுக்குக் காட்டிய சூடம்

பட்டப்படிப்புக்குப் பின், அலோர் காஜா நகரில் கடைகளின் கேன்வாஸ் நிழற்கூரைகளில் பெயர் எழுதி வருகிறேன். அத்தையின் உணவுக்கடைத் திறப்பன்று மழை பெய்ததால், கடைக்குள்ளேயே துணியை விரித்து எழுதினேன். விரைவில் காயட்டுமென்று பெயிண்டில் தின்னரைத் தாராளமாகக் கலந்திருந்தேன்.

நான் கடைசி எழுத்தை முடித்ததும், அத்தை எரியும் சூடத்தட்டுடன் துணிமேல் குனிந்தார்.

“இன்னும் காயலைங்க அத்தை!”

“நல்ல நேரம் முடியுதுலா. பெயிண்டு காயிறவரைக்கும் சாமி காத்திருக்குமா?”

நான் தடுப்பதற்குள் தின்னர் ஊறிய எழுத்துகள் குபீரெனப் பற்றின. தீ அவருடைய முந்தானைக்குத் தாவியது. நெருப்பு மறித்ததால் தண்ணீர்க் குழாயை நெருங்க முடியவில்லை. வேறு வழியின்றி அவரை இழுத்து, கொட்டும் மழையில் தள்ளினேன்.

சேற்றில் கிடந்தபடி, “கடைப்பேரு போச்சாம்மா?” என்றார்.

துணி சாம்பலானது, கையில் கொப்புளங்களோடு அத்தை பிழைத்தார். சூடம் காட்ட விரும்புவோரிடம் இப்போது, தின்னர் டப்பாவைத் திறக்குமுன்னரே வெறுந்துணிக்குக் காட்டிவிடச் சொல்கிறேன்.