எல்லைப் பாலத்தில் ஒரு பெட்டி தோடம்பழம்

பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, விடிய ஐந்தரை மணிக்கு, ஸ்காபரோவின் மல்வேர்னில் எங்கள் வீட்டு வாசலில் இருந்து கார் வெளிக்கிட்டது. ஓட்டினவர் என் மருமகன் ரவி. நான் பின் சீற்றில், மடியில் பிட்டும் மீன் குழம்பும் கட்டிய பையோடு இருந்தேன். போகும் இடம் ஃபோர்ட் ஈரி. அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக்கு எதிர்க்கரையில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற கனடா ஊர். எங்கள் வீட்டில் இருந்து நூற்றெண்பது கிலோமீற்றர் வரும். முப்பத்தொரு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். வந்த விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு நயாகரா நீர்வீழ்ச்சி வரைக்கும் பல தரம் போயிருக்கிறேன். அதற்கு அப்பால் போனதில்லை.

போன காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்து நெல்லியடியில் இருக்கும் என் தங்கச்சி பவளத்தின் மகன் குகன். முப்பத்துநாலு வயது. ஊரில் அவனுடைய அண்ணன்காரனைப் பிடித்துக்கொண்டுபோனவர்கள் இவனையும் விசாரித்து வீட்டுக்கு வந்தபடியால், மூன்று வருடத்துக்கு முன் விசிட் விசாவில் அமெரிக்கா போனவன். விசா முடிந்தும் திரும்பவில்லை. அங்கே அகதியாக எழுதுவதென்றால் ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டுமாம். கடையொன்றின் பின்பக்கத்தில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவனுக்கு அதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை. கடைசி எட்டு மாதமும் பென்சில்வேனியாவில் என் தம்பி சிவத்தின் வீட்டு பேஸ்மென்ரில் இருந்தான்.

அமெரிக்காவில் இருந்து தரைவழியால் வந்து கனடாவில் அகதி கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெரியம்மா, மாமா போல நெருங்கிய சொந்தம் இங்கே குடியுரிமையோடு இருந்தால் மட்டும் உள்ளே எடுத்து விசாரிப்பார்கள். குகனுக்கு அந்தச் சொந்தம் நான். அன்று சிவம் அவனைப் பாலத்துக்குக் கொண்டுவருவதாக ஏற்பாடு. நான் பெரியம்மா என்று காட்ட முடியாமல் போனால் அவனைப் பாலத்தால் திருப்பிக் கொடுப்பார்கள். அங்கிருந்து கொழும்புக்குத்தான் விமானம்.

ஆறேகால். 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. ரவி புறுபுறுத்துக்கொண்டு வந்தார்.

"பாருங்கோ மாமி, இந்த நேரத்திலயே இவ்வளவு சனம். படிக்கிறம் எண்டு வந்த பெடியளாலை ஸ்காபரோவிலை வாடகை ஏறினது போதாதெண்டு றோட்டும் நிரம்பிப் போச்சு."

ரவி தொண்ணூற்றிரண்டில் பிராங்பேட்டில் இருந்து வேறு யாரோ ஒருவருடைய பாஸ்போட்டில் வந்து இறங்கினவர்.

அந்த நேரம் சிவம் போன் எடுத்தான். ரவி அதைக் காரின் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். அதுதான் அன்றைய முதல் பிழை.

"அக்கா, நாங்கள் வெளிக்கிட்டிட்டம். குகன் பக்கத்திலை இருக்கிறான்."

"மெல்ல ஓடு சிவம்."

ரவி இடையில் விழுந்தார். "மாமா, உங்கடை ஆக்கள் அடுத்ததா எங்களையும் பிடிச்சு உங்கடை நாட்டோட சேர்க்கப் போகினமாம். உண்மையே?"

"எங்களுக்கு ஏன் உங்களை? உங்கடை வரியைக் கட்டவே எங்களாலை ஏலாது."

"கட்டிறம்தான். ஆஸ்பத்திரிக்கு வீட்டை விக்கிறேல்லை."

"வாசலிலை எட்டு மணித்தியாலம் இருக்கிறியள்."

பேர்லிங்டன் வரும்வரை இதுதான். அங்கே பெற்றோல் அடித்தோம், லீற்றர் ஒரு டொலர் நாற்பத்தொன்பது சதம். கோப்பி இரண்டு டொலர் பதினைந்து சதம். குடிக்கும் நேரம் மட்டும் அமைதியாக இருந்தது. அதன் பிறகு ஏரி இடப்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் வந்துகொண்டே இருந்தது. திராட்சைத் தோட்டங்களில் இலை இல்லை, கம்பிகள்தான் நிரை நிரையாகத் தெரிந்தன.

எட்டு ஐம்பத்தைந்துக்கு பாலத்தடிக்கு வந்தோம். பெரிய இரும்புப் பாலம், லொறிகள் வரிசையாக நின்றன. சிவமும் குகனும் எங்களுக்கு முன்னமே வந்துவிட்டார்கள், குகனை அதிகாரிகள் உள்ளே எடுத்திருந்தார்கள். பத்து மணிக்குக் கிட்ட சிவம் தன் பாஸ்போட்டைக் காட்டி வெளியே வந்தான்.

ஆறு வருடத்துக்குப் பிறகு காண்கிறேன். அறுபத்துநாலு வயது. தொப்பியில் அமெரிக்கக் கொடி. வீட்டு முற்றத்திலும் கம்பம் நட்டு, ஒவ்வொரு நாளும் விடிய ஏற்றி, பொழுதுபட இறக்கி மடிப்பவன். முறையாக வேலை விசாவில் போய், பதினொரு வருடம் வரிசையில் நின்று சிற்றிசன் எடுத்தவன். களவாக எல்லை தாண்டுபவர்களைப் பற்றி அவன் சொல்வதை வீட்டில் ஒருவருக்கும் கேட்க விருப்பமில்லை. தை மாதம் அவன் குகனுக்கு, 'இனி இஞ்சை ஒளிச்சிருக்கேலாது' என்று சொன்ன நாளில் இருந்து பவளம் அவனோடு கதைப்பதில்லை.

என் கையைப் பிடித்தான். பிறகு தன் வாகனத்தின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு பெட்டி தோடம்பழத்தை எடுத்து ரவியிடம் நீட்டினான். "புளோரிடா ஒறேஞ்ச். பிள்ளையளுக்கு."

ரவி கையை நீட்டவில்லை. "குறை நினையாதையுங்கோ மாமா. அமெரிக்கச் சாமான் இப்ப எங்கடை வீட்டிலை எடுக்கிறேல்லை."

"விக்கிறதுக்கே கொண்டு வந்தனான்?"

"அது தெரியும். கொள்கை எண்டு ஒண்டு இருக்கெல்லே."

எங்கள் ஆட்களில் மூத்தவர் கொண்டுவந்த பழத்தை வேண்டாம் என்று சொல்வது முகத்தில் அறைவது மாதிரி. ரவிக்கு அது தெரியாததல்ல. நான் பெட்டியை வாங்கக் கையை நீட்டினேன். அதற்குள் தொடங்கிவிட்டார்கள்.

"கொள்கையே? அப்ப நான் சொன்னதுதான் கொள்கை. சட்டத்தோட இரு எண்டு குகனுக்குச் சொன்னனான். அதுக்குப் பவளம் என்னோட கதைக்கிறேல்லை."

"நாங்கள் எல்லாரும் முறையாவே வந்தனாங்கள், மாமா?"

"நீ வந்தது பிழை எண்டு நான் சொன்னனானே? நீ ஓடி வந்தனி, சரி. அதுக்காக ஒரு நாட்டுக்குக் கதவு இருக்கக்கூடாது எண்டு சொல்லாதை. எங்களுக்கு ஒரு நாடு இல்லாமல் போன கதை உனக்கும் தெரியும். கிடைச்ச நாட்டை நான் நேசிக்கிறது பிழையே?"

"நேசியுங்கோ. அதுக்குப் பெறாமகனைக் கலைக்க வேணுமே?"

"அக்காவுக்குத்தான் பெறாமகன். எனக்கு மருமோன். கலைக்கேல்லை, கேக்கிற இடத்திலை கேக்கட்டும் எண்டு நானே ஓடிக்கொண்டு வந்து விட்டிருக்கிறன். நீ உந்தப் பழத்தைக் கூட எடுக்கிறாய் இல்லை."

இரண்டு பேரும் சத்தம் போட, லொறிக்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். எனக்கு நிலம் வெடித்து உள்ளே போகலாம் போல இருந்தது. பத்து மாதமாகக் கதை இதுதான். போன் எடுத்தால் வரி, எல்லை, கொடி, வாக்கு. உள்ளே ஒருவன் இருக்கிறான், அவனை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். சிவம் பெட்டியைத் திரும்ப வாகனத்தில் வைத்து, "வாறன் அக்கா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் பாலத்தில் ஏறிப் போய்விட்டான். அப்போது பத்தரை.

பதினொன்று நாற்பதுக்கு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அலுவலகங்களில் எனக்கு வாய் திறக்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் கணவர் இருக்கும்வரை அவர் கதைத்தார், பிறகு மகள் கதைத்தாள். ரவியை உள்ளே விடவில்லை. கவுண்டருக்கு அங்கால் இளம் அதிகாரி, பெண்பிள்ளை, மரியாதையாகத்தான் கதைத்தா. போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர், இந்தியாப் பக்கத்துப் பேச்சு.

"அம்மா, உங்க பேரு கமலாம்பிகைன்னு பாஸ்போர்ட்ல இருக்கு. அவர் தன்னோட பெரியம்மா பேரு ராசாத்தின்னு சொல்றார். ராசாத்தி யாருன்னு கேக்கறாங்க."

பதிவில் கமலாம்பிகை. பிறந்த நாள் தொடக்கம் வீட்டில் ராசாத்தி. எங்கள் வீடுகளில் இளையவர்கள் பெரியவர்களின் பெயரைச் சொல்வதில்லை. குகனுக்கு நான் பெரியம்மா மட்டும்தான். தாய்தகப்பன் போனில் 'ராசாத்தி அக்கா' என்று சொல்வதைக் கேட்டிருப்பான். கமலாம்பிகை என்று ஒருத்தி இருப்பதே அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவனுக்கு என் பெயரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று, ஒரு மாதமாகப் பேப்பர் சேர்த்த எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நான்தான்" என்றேன்.

"ரெண்டும் நீங்கதானா?"

"ஓம். வீட்டுப் பேர் அது."

அதிகாரி எதையோ எழுதினா. மொழிபெயர்ப்பாளர் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு காட்ட ஏதாவது காகிதம் இருக்கான்னு கேக்கறாங்க. இல்லேன்னா வேற ஒருத்தரோட பெரியம்மான்னு எடுத்துக்க வேண்டியதா இருக்குமாம்."

அப்போதுதான் நினைவு வந்தது. அம்மாவை அமெரிக்காவுக்குக் கூப்பிட எழுதினபோது, பிள்ளைகள் எல்லாருடைய பெயரையும் போட்டு யாழ்ப்பாணத்தில் சமாதான நீதவானிடம் சிவம் ஒரு சத்தியக்கடதாசி எடுப்பித்தான். 'கமலாம்பிகை என்னும் ராசாத்தி' என்று அதில் இருக்கிறது. ஒரு கடதாசியையும் எறியாதவன் அவன். இன்றைக்குத் தேவைப்படலாம் என்று எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டுக்கொண்டு வருவதாக முதல் நாள் சொன்னான். அந்தப் பைல் தோடம்பழப் பெட்டியோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

கடதாசி இருக்கிறது, வரும் என்று சொன்னேன். இரண்டு மணி வரைக்கும் பொறுப்பதாக அதிகாரி சொன்னா.

வெளியே வந்து ரவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. போனை என்னிடம் தந்தார். "நீங்களே கதையுங்கோ மாமி. என்ரை குரலைக் கேட்டால் வைச்சிடுவார்."

சிவம் எடுத்தான். "நான் எழுபது மைல் வந்திட்டன் அக்கா. ரவியைக் கேளுங்கோ, அவர் ஒரு சொல்லு மன்னிப்பெண்டு சொல்லட்டும், பெரியவரை இப்பிடி..."

நான் என் தம்பியை இடையில் மறித்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். "சிவம், வாயை மூடு. உன்ரை கொடியைப் பற்றியும் வேண்டாம், அவரின்ரை தோடம்பழத்தைப் பற்றியும் வேண்டாம். குகனைத் திருப்பி அனுப்பப் போகினம். பைலைக் கொண்டு உடனை வா."

"வாறன்" என்றான்.

ரவி என்னைப் பார்த்தார். "உங்களுக்கும்தான் சொன்னது, தம்பி" என்றேன். அவர் காரின் மறுபக்கம் போய் நின்றார். காற்று ஆற்றில் இருந்து ஊசி போல வந்தது.

ஒன்றரைக்கு சிவம் திரும்பிவந்தான். பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னோடு உள்ளே வந்தான். ஒவ்வொரு கடதாசியும் பிளாஸ்ரிக் உறையில், மேலே இலக்கம் ஒட்டி இருந்தது. அதிகாரி பார்த்து, படி எடுத்து, என்னிடம் இன்னும் சில கேள்வி கேட்டா. பவளம் எந்த மாதம் பிறந்தவ, எங்கள் அம்மாவின் பெயர் என்ன என்று. நான் என் வாயால் சொன்னேன். இரண்டு மணியாகும்போது மொழிபெயர்ப்பாளர், "ஏத்துக்கிட்டாங்க அம்மா" என்றார்.

வெளியே சிவம் சொன்னான்: "பாத்தியளே அக்கா, ஒழுங்கா வைச்சிருக்கிறதின்ரை அருமை." இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவன் சிவம் இல்லை. ரவி பேசாமல் போய், வாகனத்தில் இருந்து பழப்பெட்டியைத் தானே தூக்கி எங்கள் காரில் வைத்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வேலை இருக்கிறது என்று சிவம் குகன் வரும்வரை நிற்காமல் போய்விட்டான்.

நாலரைக்கு குகன் வந்தான், கையில் ஒரு கட்டுக் கடதாசி. விசாரணைக்குக் கடிதம் வரும் என்றார்கள். காரில் ஏறி, "மாமா போயிட்டாரே?" என்று மட்டும் கேட்டான். ஓக்வில் தாண்ட முன்னம் நித்திரையாகிவிட்டான்.

ஏழேமுக்காலுக்கு மல்வேர்ன். எட்டு மணிக்குச் சிவம் போன் எடுத்தான். நான் அறைக்குள் போய்க் கதைத்தேன்.

"இப்பத்தான் வீட்டை வந்தன் அக்கா. இரண்டாம் தரம் திரும்பேக்கை, பாலத்துக்கு அமெரிக்கப் பக்கத்திலை என்னை உள்ளுக்குக் கூப்பிட்டவங்கள்."

"ஏனடா?"

"ஒரு நாளிலை இரண்டு தரம் போய்வந்தால் கேக்கத்தானே வேணும். எங்கை பிறந்தனி எண்டும் கேட்டவங்கள். மூண்டு மணித்தியாலம். அது அவங்கடை வேலை."

அவனுக்குக் கோபமே இல்லை. எனக்குத்தான் வந்தது.

"நீ என்ன சொன்னனி?"

"உண்மையை. மருமோனைக் கொண்டுபோய் விட்டனான் எண்டு. அவன் எங்கை இருந்தவன் எண்டு கேட்டவங்கள். எட்டு மாதம் என்ரை வீட்டிலை எண்டனான். விசா இல்லாதவன் எண்டு தெரிஞ்சோ எண்டு கேட்டவங்கள். ஓம் எண்டனான்."

"ஆரடா உன்னை அதெல்லாம் சொல்லச் சொன்னது?"

"சத்தியம் பண்ணி எடுத்த சிற்றிசன் அக்கா. கேட்டால் சொல்லத்தானே வேணும்."

"இனி என்ன செய்வாங்கள்?"

"தெரியாது. எழுதிக்கொண்டவங்கள். கடிதம் வருமாம்."

குசினியில் குகன் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ரவி ஒரு தோடம்பழத்தை உரித்து அவனுடைய தட்டில் வைத்துவிட்டு, "மாமா என்னவாம்?" என்று கேட்டார்.

"வீட்டை போய்ச் சேர்ந்திட்டானாம்" என்றேன்.

மல்வேர்னில் எங்கள் தபால்பெட்டிகள் எல்லாம் ஒரே இடத்தில், தெரு முடிவில் இருக்கின்றன. குகன் ஒவ்வொரு நாளும் திறப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறான். வீடு முழுக்க அந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்கிறது. பென்சில்வேனியாவில் சிவத்தின் தபால்பெட்டி வீட்டு வாசலிலேயே இருக்கும், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில். அங்கே வரவேண்டிய கடிதத்தைப் பற்றி நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. இந்தப் பயணத்தை எழுதட்டோ என்று சிவத்தைக் கேட்டேன். எழுதுங்கோ, ஒளிக்க என்ன இருக்கு என்றான். ரவியும் குகனும் இதை வாசித்துத்தான் அறியப்போகிறார்கள்.