அப்பாவின் பாண் பைகள்

விடியற்காலையில் எங்கள் வீட்டில் முதலில் கேட்கிற சத்தம், வாசல் கதவடியில் ஒரு குட்டி ஸ்டூலில் குந்தியிருந்து அப்பா பாண் பைக்குள் காலை நுழைக்கிற "சரசர"ச் சத்தம்தான். முதலில் மெல்லிய பருத்திச் சொக்ஸ், அதன்மேல் பாண் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பை, அதன்மேல் கம்பளிச் சொக்ஸ், கடைசியில் பூட்ஸ் என்று இந்த அலங்காரம் முடிய நல்ல நேரம் எடுக்கும். பிறகு பல்கனியிலிருந்து சைக்கிள் வரும், லிஃப்டுக்குள் ஏற்றும்போது முன்சில்லு கதவில் ஒருமுறை இடிபடும், அதன் பிறகு வீடு அமைதியாகிவிடும். போர்வைக்குள் கிடந்தபடி நானும் தம்பியும் அந்த இடிக்காகக் காத்திருந்து கேட்டுவிட்டுத்தான் மறுபடி நித்திரை கொள்வோம்.

அப்போது கனடாவில், வெக்ஸ்போர்ட் பகுதியில், லோறன்ஸ் வீதியோரத்து மாடிக் கட்டடம் ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்கு ஜன்னல் சட்டங்கள் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் காலை வேலை. பஸ்ஸில் போவதென்றால் இரண்டு பஸ் மாறவேண்டும், அதில் இரண்டாவது பஸ் தனக்கு மனம் வந்தால்தான் வரும். கார் ஓடலாமே என்று கேட்பீர்கள். லைசென்ஸ் பரீட்சைக்குப் போவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வருவதுமாக இருந்ததில், அப்பாவுக்கும் பரீட்சை எடுக்கிறவர்களுக்கும் இடையில் தீராத பகை வந்துவிட்டது. "பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்துக்கு நான் போய்ச் சேந்திடுவன். சைக்கிள் ஓடுறதுக்கு எனக்கு ஒருத்தன்ரை கடுதாசியும் தேவையில்லை" என்பார். யாழ்ப்பாணத்தில் பிறந்த மனிதரிடம் சைக்கிளைப் பற்றி வாதம் செய்து வெல்ல முடியாது என்பது அம்மாவுக்கும் தெரியும்.

குளிர்காலத்தில் சைக்கிள் ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் விளங்கும், உடம்பு வேர்க்கும்போதே கால் விறைக்கும் என்கிற விஷயம். தொப்பி, கையுறை, இரண்டு ஜக்கெட் என்று மேலே எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம், காலை மட்டும் சமாளிக்க முடியாது. பெடலின் இரும்பு அடிப்பாதத்திலிருந்து சூட்டை உறிஞ்சும். முன்சில்லோ உப்புப் போட்டுக் கரைத்த பனிச்சேற்றை அள்ளிக் குறி தப்பாமல் விரல் நுனியிலேயே எறியும். அப்பா ஒரு பழைய பிளாஸ்டிக் வினாகிரிக் கானை வெட்டி மட்காட்டுக்குக் கீழே தொங்கவிட்டார். அது சேற்றில் பாதியைத் தடுத்தது, மீதிப் பாதி போதுமானதாக இருந்தது. கடையில் நல்ல பூட்ஸ் இருந்திருக்கும்தான். அவையெல்லாம் வெள்ளைக்காரர் மலையேறப் போடுவது, வேலைக்குப் போகிறவனுக்கு எதற்கு என்பது அப்பாவின் முடிவு.

முதல் இரண்டு மூன்று குளிர்காலங்களின் பின்னேரங்களை நான் இன்னும் மறக்கவில்லை. விறைத்த கால் விறைத்திருக்கும்வரை நோகாது, வீட்டுச் சூட்டில் இளகத் தொடங்கும்போதுதான் உயிர் போகும். அப்பா கதவைத் திறந்து வந்து பூட்ஸைக் கழற்றுவார், அம்மா நிலத்தில் அமர்ந்து அவருடைய காலை மடியில் எடுத்து வைத்து, கொஞ்சம் சூடுகாட்டிய நல்லெண்ணெயைப் பூசி உருவிவிடுவார். கால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும், மெல்ல மெல்லச் சிவக்கும். சிவக்கச் சிவக்க அப்பா, அத்தனை பெரிய மனிதர், "ஐயோ மாதாவே, ஐயோ மாதாவே" என்று கத்துவார். தம்பி காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். நான் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவேன். ஒரு பிள்ளையால் வேறென்ன செய்ய முடியும்? அவரைக் கத்த வைக்கிற குளிர் வெளியே கிடந்தது, நாளைக்கும் அங்கேதான் கிடக்கும், நாளைக்கும் அவர் அதற்குள் போகத்தான் போகிறார்.

பாண் பை எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். கூட வேலை செய்த யாரோ சொல்லிக்கொடுத்ததாம். நீளமான பை, கணுக்காலுக்கு மேலே வரும், ஒரு ரப்பர் வளையம் போட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாண் சாப்பிடுவது குடும்பக் கடமையானது. காலையில் பாணும் பட்டரும், பின்னேரம் பாணும் சம்பலும், இடையில் பசித்தால் வெறும் பாண். நாங்கள் முகம் சுழித்தால் அம்மா, "சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ, அப்பான்ரை காலுக்குப் பை இல்லை" என்பார். வெறும் பைகளைக் கதவடி மேசையின் இழுக்கிற லாச்சியில், சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் அடைத்து வைப்போம். பையின் வாயைப் பூட்டி வருகிற சின்னச் சதுரப் பிளாஸ்டிக் கிளிப்புகளைத் தம்பி நிறம் நிறமாகச் சேர்த்தான். சேர்த்தவை பாதி, வீடு முழுக்கச் சிந்தியவை பாதி. இருட்டில் அவற்றை மிதித்து "ஆ" என்று துள்ளாதவர் எங்கள் வீட்டில் இல்லை, அப்பாவைத் தவிர.

பைகள் வந்த அடுத்த குளிர்காலத்தில் ஒருநாள், பெரும் பனி கொட்டிய நாள், அப்பா உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பேசாமல் சோபாவில் இருந்தார். அம்மா எண்ணெயோடு ஓடி வந்தார். அப்பா காலை ஆட்டிக் காட்டிச் சிரித்தார்.

"உது வேண்டாம். எனக்குக் குளிரேல்லை."

"உண்மையாவோ?"

"பாண் பையடி! கொஞ்சம்கூடக் குளிரேல்லை."

அன்று வீட்டில் கொண்டாட்டம். அம்மா பாயாசம் வைத்தார். தம்பி வெறும் பை ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினான். கனடாவை வென்றுவிட்டோம் என்று நான் மனமார நம்பினேன். அதன் பிறகு அப்பா ஒரு நாளும் கத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா கோவில் வாசலில் நின்று, புதிதாக நாட்டுக்கு வந்தவர்களைப் பிடித்துப் பிடித்துப் பாண் பையின் மகிமையைப் போதித்தார். அவருக்குப் "பாண் பை அண்ணை" என்றே பெயராகிவிட்டது. எண்ணெய்ப் போத்தல் அலுமாரிக்குள் போனது. நோகாத காலுக்கு யார் எண்ணெய் பூசுவார்கள்? எண்ணெய் பூசும்போதுதான் அந்தக் காலை ஒருவர் தினமும் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எங்களில் ஒருவருக்கும் அப்போது உறைக்கவில்லை.

அந்த வருஷம் அப்பா மெலிந்தார். சைக்கிள் ஓடுகிற மனுஷன், கொழுப்புக் கரையுது என்றார் அம்மா. போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்தார். களைப்பு என்றோம். பூட்ஸ் மணத்தது. பிளாஸ்டிக்குக்குள் வேர்த்தால் மணக்காமல் என்ன செய்யும் என்றோம். எங்களிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

தவக்காலம் முடிகிற நேரம், பெரிய வியாழன் பூசைக்கு அப்பாவைப் பன்னிரண்டு பேரில் ஒருவராகக் கேட்டார்கள். இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து அன்று சுவாமியார் பன்னிரண்டு பேரின் வலது காலைக் கழுவி, துவாயால் துடைத்து, முத்தமிடுவார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா புது வெள்ளைச் சொக்ஸ் ஒரு சோடியை அவருடைய வேலைப் பைக்குள் வைத்து, "கோயிலுக்குப் போனவுடனை காலைக் கழுவிப்போட்டு இதை மாத்துங்கோ" என்று சொல்லிச் சொல்லி அனுப்பினார். அந்த முறை ஈஸ்டர் வழமையைவிட வெள்ளனவே வந்திருந்தது, வீதியெல்லாம் பனிச்சேறு. வேலையில் கூடுதல் நேரம் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா வந்து சேர்ந்தபோது நற்செய்தி வாசகம் முடிந்திருந்தது. காலைக் கழுவ நேரமில்லாமல் நேரே போய்த் தன்னுடைய கதிரையில் இருந்துவிட்டார்.

மற்றப் பதினொரு பேரும் வீட்டிலேயே நகம் வெட்டி, சவர்க்காரம் போட்டு, ஒன்றிரண்டு பேர் பவுடரும் பூசி வந்திருந்தார்கள். சுவாமியார் ஒவ்வொரு காலாகக் கழுவிக்கொண்டு வந்தார். இளம் வயதுக்காரர், நெஞ்சில் சின்ன மைக் ஒன்று குத்தியிருந்தார். அவர் அப்பாவுக்கு முன்னால் முழந்தாளிட்டபோது அப்பா பூட்ஸைக் கழற்றினார், கம்பளிச் சொக்ஸைக் கழற்றினார், பிறகு பாண் பையைக் கழற்றினார். அந்தச் "சரசர" மைக்கில் பிடிபட்டுக் கோவில் முழுக்கக் கேட்டது. பின்னால் சிரிப்புக் கிளம்பியது. "பாண் பை அண்ணை" என்று யாரோ சொன்னார்கள். முன்வரிசையில் இருந்த எனக்கு வெட்கத்தில் நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது போலிருந்தது.

பருத்திச் சொக்ஸ் காலோடு ஒட்டிக்கொண்டு வரமறுத்தது. அப்பா அதைச் சுளீரென்று இழுத்தார். ஏதோ ஒன்று "டிக்" என்று காலடியில் வைத்திருந்த வெறும் பேசினுக்குள் விழுந்தது. நீல நிறப் பாண் கிளிப் ஒன்று. பெருவிரலுக்குக் கீழே அது இருந்த இடம் ஓட்டையாகியிருந்தது. பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. எத்தனை நாள் அதை மிதித்துக்கொண்டு பெடல் போட்டாரோ தெரியாது. அது எப்படிச் சொக்ஸுக்குள் விழுந்தது, யார் கையிலிருந்து விழுந்தது என்பதும் இன்றுவரை தெரியாது.

சுவாமியார் மெதுவாகத்தான் கேட்டார், மைக் அதையும் எல்லாருக்கும் சொன்னது. "அண்ணை, உங்களுக்கு நோகேல்லையோ?"

அப்பா குனிந்து, மைக்குக்குக் கிட்ட வாயை வைத்து, பெருமையோடு சொன்னார்: "இல்லைச் சுவாமி. எனக்குக் குளிரே இல்லை."

காலைப் பார்க்க முடியாத பின்வரிசைகள் மறுபடி சிரித்தன. முன்வரிசை சிரிக்கவில்லை. சுவாமியார் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி, துவாயால் ஒற்றி, மற்றவர்களுக்குச் செய்தது போலவே குனிந்து அந்தக் காலை முத்தமிட்டார். எழும்ப மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்தார். அதற்குள் அம்மா "இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ" என்றபடி பீடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

மருத்துவமனையில் மொழிபெயர்க்க என்னை விட்டால் ஆள் இல்லை. டாக்டர் நைலோன் நூல் ஒன்றை எடுத்தார், தூண்டில் நூலைப் போன்றது. அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லு, கால் அடியில் நூல் படும்போதெல்லாம் 'ஓம்' சொல்லச் சொல்லு என்றார். சொன்னேன். அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நூல் விரலில் பட்டது, அப்பா பேசவில்லை. நடுப்பாதத்தில் பட்டது, குதிக்காலில் பட்டது, அப்பா பேசவில்லை. அப்பா, இப்ப, இப்ப என்று கத்தவேண்டும் போலிருந்தது. நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லையே என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். டாக்டர் கையை எடுத்து எழுதத் திரும்பிய நேரம் பார்த்து, கண்ணைத் திறக்காமலே, உறுதியாக "ஓம்" என்றார். பிறகு இன்னொருமுறை, "ஓம், ஓம்." டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அதையும் மொழிபெயர்த்தேன்.

நீரிழிவு எத்தனையோ வருஷமாக ஒருவருக்கும் தெரியாமல் உள்ளே இருந்து, காலின் நரம்புகளைத் தின்றிருக்கிறது. அவ்வளவு குளிரும் சேர்ந்து மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. இதை ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை தன் தகப்பனுக்குத் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த சொற்களில் சொன்னேன். அப்பா கவனமாகக் கேட்டார். விரலைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"அப்ப பாண் பை வேலை செய்யேல்லையோ, பிள்ளை?" என்றார்.

"வேலை செய்ததப்பா. கால் நனையேல்லைத்தானே" என்றேன். அவர் முகத்தில் கொஞ்சம் ஆறுதல் தெரிந்தது. அந்த இரண்டு விரல்களையும் அடுத்த வாரம் எடுத்தார்கள்.

இப்போது நாங்கள் ரூஜ் என்ற இடத்தில் இருக்கிறோம், என்னுடைய வீடு, அப்பாவும் அம்மாவும் கீழ் அறையில். சைக்கிளும் வினாகிரிக் கான் மட்காட்டும் வெக்ஸ்போர்ட்டை விட்டு வரும்போதே போய்விட்டன. பாண் பைகளைக் குப்பையில் போடுகிறோம், அம்மா கிளிப்புகளை முதலில் எடுத்து இரண்டாக முறித்துவிட்டுப் போடுகிறார். வேலைக்குப் போகுமுன் நான் அப்பாவின் கால்களை வெளிச்சத்தில் தூக்கி, விரலிடுக்கெல்லாம் பார்ப்பேன். "இருக்கோ?" என்பார். "இருக்கப்பா" என்பேன். மீதி எட்டுத்தான். பார்ப்பதைத் தவிர எனக்குச் செய்வதற்கு வேறொன்றும் இல்லை. அந்தக் கத்தல் இனி எங்கள் வீட்டில் கேட்காது. தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி நான் மறைக்கப் பார்த்த அந்த "ஐயோ மாதாவே"யை இன்றைக்கு ஒருமுறை கேட்கக் கிடைக்குமென்றால் நான் எதையும் கொடுப்பேன்.

என் மகள் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில்தான் போவேன் என்று நிற்கிறாள், ரத்தம் எங்கே போகும்? இழுத்துப் பூட்டுகிற சிப் வைத்த, சப்பாத்துக்கு மேலே போடுகிற தண்ணீர் புகாத மூடிகள் கடையில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். போன கிழமை சிப்பைப் பூட்ட மறந்து, பனிச்சேற்றுக்குள்ளால் வந்து, வாசலிலேயே இருந்து அழத் தொடங்கினாள். "அம்மா, மை டோஸ்! விரல் சரியா நோகுது!" நான் ஓடினேன், அம்மா எண்ணெய்க்கு ஓடினார். அப்பா பொல்லை ஊன்றிக்கொண்டு அறையிலிருந்து ஏறி வந்து, அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் மெல்ல இருந்தார்.

"அழட்டும், விடு" என்று எனக்குச் சொல்லிவிட்டு, அவளுடைய காலைத் தன் மடியில் எடுத்து வைத்தார். "இது நோகுதோ?"

"ஓம், அம்மப்பா."

"இது?"

"ஓம்!"

ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பிடித்துக் கேட்டார். அவளும் அழுதழுது ஒவ்வொன்றுக்கும் ஓம் சொன்னாள். கடைசிச் சின்னவிரலுக்கும் சொன்ன பிறகுதான் அவர் அந்தக் காலைக் கீழே வைத்தார்.