கோஜோவின் அம்மா வீட்டுக்கு ஒரு விளக்கு

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மறுபடியும் கரண்ட் போய்விட்டது. மேட்டூரில் தண்ணீர் இல்லையாம்... அதனால் ராஜா அண்ணாமலைபுரத்தில் எனக்கு வெளிச்சம் இல்லை. ஒரு வழியாக வந்தது. வழக்கம்போல பல்பைப் பார்த்துக் கைகூப்பினேன். கேலி செய்ய ஆளில்லை.

போன மாதம் வரை இருந்தான் - கோஜோ. ஆப்பிரிக்காவில் கானா தேசத்துப் பையன். கிண்டியில் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்துக்கொண்டு என் மாடி அறையில் குடியிருந்தான். மனைவி காலமான பிறகு இந்த வீட்டில் என்னோடு பேசிய ஒரே ஜீவன். அதுவும் என்ன தமிழ்! டீக்கடையில் கற்ற அசல் மெட்ராஸ் பாஷை.

முதல் தடவை நான் கும்பிட்டதைப் பார்த்து, "இன்னா சார், பல்பைப் போயி கும்பிட்டுக்கினு கீறீங்க?" என்றான்.

"சாயங்காலம் விளக்கு எரிஞ்சா கும்பிடறது எங்க வழக்கம்ப்பா. லட்சுமி!"

விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஏன், உங்க ஊர்ல தண்ணி இல்லாம கரண்ட் போறதே இல்லையா?"

"தண்ணியா? நெறைய கீது சார். எங்க ஊரே தண்ணிக்குள்ளதான் கீது."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். இல்லை. நாட்டுக்கு மின்சாரம் வேண்டுமென்று பெரிய அணை கட்டினார்கள். தேங்கிய தண்ணீரில் அவன் ஊர் முழுகிப்போனது. மேட்டில் வேறு வீடு கொடுத்தார்கள். மின்சாரம்? அது அலுமினிய ஃபாக்டரிக்கும் தலைநகருக்கும் போய்விட்டது. அவன் அம்மா இன்னமும் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில்தான் சமைக்கிறாளாம்.

தேசம் முன்னேறுகிறது என்று பேப்பரில் படித்து நாமும்தான் பூரித்துப்போகிறோம். கம்பி யார் வீட்டைத் தாண்டிப் போகிறது என்று என்றைக்காவது கேட்டோமா?

படிப்பு முடிந்ததும் அம்பத்தூரில் ஒரு கம்பெனி அவனை வேலைக்குக் கூப்பிட்டது. அவனைவிட எனக்குத்தான் குஷி!

"ஒத்துக்கோப்பா. அங்கே போய் என்ன பண்ணப்போறே? ஒரு ஸ்பேர் பார்ட் வேணும்னாக்கூட கப்பல் வரணும்னு நீயே சொல்றே. இங்கேயே இரு" என்று தினமும் நச்சரித்தேன். எல்லாம் அவன் நல்லதுக்குத்தான்... என்று சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"நா இங்க இருந்தா உங்களுக்குப் பேச்சுத் துணை, சார். எங்கம்மா வூட்டுக்கு லைட்டு யார் போடுவாங்க?"

அன்றோடு நச்சரிப்பதை நிறுத்திவிட்டேன்.

போய்விட்டான். அந்த ஊர் மின்சார இலாகாவில், கிராமங்களுக்குக் கம்பி இழுக்கிற வேலை. இந்நேரம் எந்தக் காட்டில் கம்பம் நட்டுக்கொண்டிருக்கிறானோ?

இங்கே சாயங்காலமானால் வீடு பிடுங்கித் தின்கிறது. ரேடியோவைப் போட்டு வைக்கிறேன், கேட்பதில்லை. மாடிக்கு வேறு ஆள் பார்க்கட்டுமா என்று தரகர் வந்து நிற்கிறார். எனக்கு மனசில்லை. கொஞ்ச நாள் போகட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

அம்மா வீட்டில் விளக்கு எரிகிறவரை கோஜோ வரமாட்டான். எரிந்த பிறகு, பக்கத்து ஊர், அதற்கடுத்த ஊர்... அப்புறம் எங்கே வரப்போகிறான்?

என் மாடி இருட்டாகவே கிடக்கட்டும். அங்கே எரியட்டும்!